இரண்டு கையிலும் துப்பாக்கி, இடுப்பில் நிற்காத கைலி

கேள்வி தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டது. சுருக்கம் இதுதான்: "நாங்கள் ஆறு பேர். 'கன்ஸ் அகிம்போ' பார்த்ததிலிருந்து அதே மாதிரி ஒரு 25 நிமிடக் குறும்படம் எடுக்க ஆசை. உயிரைப் பறிக்கும் ஓர் ஆன்லைன் விளையாட்டில் சென்னை ஐடி பையன் ஒருவன் மாட்டிக்கொள்கிறான், தப்பித்து ராமேஸ்வரம் வருகிறான், கிளைமாக்ஸ் தனுஷ்கோடி இடிந்த தேவாலயத்தில். இரண்டு பொம்மைத் துப்பாக்கி வாங்கிவிட்டோம். நம்ம ஊரில் இது எடுபடுமா அண்ணே? எதை மாற்ற வேண்டும்?"

தம்பி, எடுபடும். ஆனால் சென்னைப் பையனை விட்டுவிடுங்கள், தேவாலயத்தையும் விட்டுவிடுங்கள். துப்பாக்கி இரண்டில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். நான் பாம்பன்காரன், பதினான்கு வருடமாகச் சென்னையில் படங்களுக்குச் சத்தம் சேர்க்கும் வேலை. சண்டைக் காட்சியில் விழும் அடி, உடையும் கண்ணாடி, வெடிக்கும் தோட்டா எல்லாம் எங்கள் அறையில்தான் பிறக்கும். அதனால் இந்த மாதிரிப் படங்களை நான் பிரேம் பிரேமாகப் பார்த்துப் பழகியவன்.

முதலில், பார்க்காதவர்களுக்காக அந்தப் படத்தைப் பற்றி. நியூசிலாந்துக்காரர் ஜேசன் லீ ஹவ்டன் எழுதி இயக்கியது. 2019 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள், 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவில் வெளியானது. அவர் அதற்கு முன் வெட்டா நிறுவனத்தில் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவர். கேமரா தலைகீழாகச் சுழல்வதும் ரத்தம் பெயின்ட் மாதிரித் தெறிப்பதும் அந்தப் பழக்கத்தில் வந்தவை. கதை இரண்டு வரி. டேனியல் ராட்கிளிஃப் நடித்த மைல்ஸ், மொபைல் கேம் கம்பெனியில் கோட் எழுதுகிறவன். ராத்திரி ஆனால் 'ஸ்கிஸம்' என்ற கொலை விளையாட்டு நேரலையின் சாட்டில் போய் அதைப் பார்ப்பவர்களைத் திட்டுவது அவன் பொழுதுபோக்கு. விளையாட்டை நடத்துகிறவர்கள் வீடு தேடி வந்து அடித்துப்போட்டு, அவன் இரண்டு கையிலும் துப்பாக்கியைப் போல்ட் போட்டு முடுக்கிவிட்டுப் போகிறார்கள். கைக்கு 50 தோட்டா. எதிராளி, சமாரா வீவிங் நடித்த நிக்ஸ், அந்த விளையாட்டில் யாரிடமும் தோற்காதவள்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் எல்லோருக்கும் கண்ணில் படுவது துப்பாக்கி. அங்கேதான் தவறு நடக்கிறது. படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த இடங்களைக் கணக்கெடுத்தால் அவற்றில் துப்பாக்கி வெடிப்பதே இல்லை. மைல்ஸ் கால்சட்டை போடத் தவிக்கிறான். கதவைத் திறக்கத் தவிக்கிறான். சிறுநீர் கழிக்கப் போய் நிற்கும்போது, அவன் கையில் இருப்பது என்ன என்று நமக்கு நினைவு வந்து வயிறு கலங்குகிறது. வீட்டுக்குள் போடும் பஞ்சு செருப்போடும் குளியல் அங்கியோடும் தெருவில் ஓடுகிறான். உதவி கேட்டு எந்த வாசலில் போய் நின்றாலும், பார்க்கிறவர்களுக்கு அவன் துப்பாக்கி நீட்டிக்கொண்டு வந்தவன்தான். கை இருந்தும் கை இல்லாதவன். படத்தின் எஞ்சின் அது. அடிதடி எல்லாம் அந்த எஞ்சினில் ஓடும் படகு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். நான் ஒன்பதாவது படிக்கும்போது நங்கூரக் கயிறு ஓடி அப்பாவுக்கு இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோனது. மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி சுற்றி, குத்துச்சண்டைக்காரர் மாதிரி பதினைந்து நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கைலி கட்ட முடியாது. பீடி பற்றவைக்க முடியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்ட வேண்டும். கருவாட்டைக் காக்கா தூக்கிக்கொண்டு போகும், எழுந்து கல்லெடுத்து எறிய முடியாது, உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தக் காக்காவைப் பேர் சொல்லித் திட்டுவார். பார்க்க வந்த சனம் முதலில் "அய்யய்யோ" என்று உட்காரும், ஐந்தாவது நிமிடம் சிரிக்கத் தொடங்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அம்மா சோறு ஊட்டும்போது மட்டும் யாரையும் பார்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சிலுவை அடையாளம் போட அந்தத் துணி மூட்டைக் கையைத் தூக்கினார் பாருங்கள், பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. இரண்டும் ஒரே நொடியில் வந்தன. உங்கள் படம் அந்த நொடியைத் தேடிப் போக வேண்டும்.

அதனால்தான் சென்னைப் பையன் வேண்டாம் என்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் கையை இழந்தால் இழப்பது கீபோர்டு. நம்ம கரையில் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எல்லாமே கைவேலை. வலை ஊசியில் நூல் கோத்துக் கிழிசலைக் கட்டுவது, வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவது, கணவாயைச் சுத்தம் பண்ணுவது, ஐஸ் உடைப்பது, முடிச்சுப் போடுவது, முடிச்சு அவிழ்ப்பது. உங்கள் கதாநாயகன் விசைப்படகில் போகும் ஒரு கூலி மீனவனாக இருக்கட்டும். துப்பாக்கியோடு கண் விழிக்கிறான். அன்றைக்குப் பார்த்து வீட்டு வாசலில் நண்டு வலை குவிந்து கிடக்கிறது, விடிவதற்குள் கழற்றிக் கொடுக்காவிட்டால் ஆத்தா விடாது. அவன் கை நீட்டுகிறான், நண்டு ட்ரிகரைக் கவ்வுகிறது. முதல் தோட்டா வெடிப்பது அப்படித்தான். யாரையும் கொல்ல அல்ல. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓட்டையாகிறது, அந்த வீட்டுச் சித்தி வெளியே வருகிறார். கொலையாளிகளை விட அந்தச் சித்திக்குத்தான் அவன் பயப்பட வேண்டும்.

கைலியை மறந்துவிடாதீர்கள். மைல்ஸுக்குக் கால்சட்டை ஒரு காட்சியோடு முடிந்துவிட்டது. கைலி அப்படி முடியாது, ஓட ஓட அவிழும். முழங்கையால் இடுக்கிக்கொண்டே மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு துரத்தல் வைத்துப் பாருங்கள். ஏலம் விடுகிறவர் இவன் நீட்டிய துப்பாக்கியைக் கை தூக்கியதாக நினைத்து ஒரு கூடை மீனை இவன் பேரில் முடித்துவிடுகிறார். இனி சாவு ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம். மிகை என்பது இப்படிச் சின்னதிலிருந்து ஏற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பார்வையாளர் "இது எங்கள் தெரு, எங்கள் ஆள்" என்று நம்பிவிட்டால், பத்தாவது நிமிடம் விசைப்படகு பறந்தாலும் ஏற்றுக்கொள்வார். முதல் காட்சியிலேயே படகைப் பறக்கவிட்டால் எதற்கும் மதிப்பு இருக்காது.

துப்பாக்கி ஏன் ஒன்று போதும் என்பதற்கு வருகிறேன். இது நகைச்சுவைக் கணக்கு மட்டும் இல்லை. 2017 மார்ச்சில் உங்கள் ஊர் இளைஞர் ஒருவர் நடுக்கடலில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நாள் கணக்கில் ஊரே பந்தலில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், ஆனால் உங்கள் படத்தைப் பார்க்கப் போகும் அம்மாக்களுக்கு அந்த நாள் தெரியும். அதனால் என் பேச்சைக் கேளுங்கள்: கடலின் மேல் ஒரு தோட்டாகூட வெடிக்க வேண்டாம். கரையில் எவ்வளவு கூத்தும் அடியுங்கள். படகு ஏறிய பிறகு அவன் துப்பாக்கி காலி. அதை விதியாக வைத்துக்கொண்டால் கதைக்கும் நல்லது, 50 தோட்டாவை எண்ணிக்கொண்டே வரும் பார்வையாளருக்குக் கடைசித் தோட்டா ஜெட்டியில் வெடிக்கும்போது மூச்சு நிற்கும். எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டிக்கொண்டே இருங்கள். எண் குறைவதுதான் இந்த வகைப் படத்தின் கடிகாரம்.

அப்படியானால் இன்னொரு கையில் என்ன? போன். அவன் சொந்த போன். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்படி விளையாட்டை நடத்துகிறவர்கள் அதை இடது கையில் முடுக்கிவிடுகிறார்கள். ஒளிய முடியாது, ஒளிந்த இடத்தை அவன் கையே ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். உங்களிடம் பெரிய கேமரா இல்லை என்ற கவலையும் தீர்ந்தது, பாதிப் படம் அந்த போனின் கண் வழியாகவே ஓடலாம். அம்மா சோறு ஊட்ட வருகிறார், போனில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று மகன் சொல்கிறான், அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு "சாப்பிட்டீங்களாய்யா எல்லாரும்?" என்று கேட்கிறார். அவன் சாவதற்குப் பந்தயம் கட்டியவர்கள் ஒவ்வொருவராக "சாப்பிட்டேன் அம்மா" என்று பதில் எழுதுகிறார்கள். இந்தக் காட்சியை மட்டும் எனக்காக எடுங்கள்.

பார்க்கிறவர்கள் விஷயத்தில் அந்த ஆங்கிலப் படம் சறுக்கியது என்பது என் எண்ணம். நேரலை பார்ப்பவர்களாகச் சில முகங்களை மாறி மாறிக் காட்டுவார்கள், கத்துவார்கள், குதிப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் யார், எதற்காக இரவெல்லாம் விழித்து இதைப் பார்க்கிறார்கள் என்று உள்ளே போகவில்லை. நம்ம பக்கத்துக்காரனுக்கு இதில் பெரிய வசதி உண்டு. இந்த மாதிரிப் பார்வையாளர் நமக்குப் பல தலைமுறைப் பழக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவிழாவுக்குத் திருவிழா வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது, விடிய விடிய. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்தது. பபூன் மேடைக்கு வந்து ஆடிக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் நூறு ரூபாய் கொடுப்பார். ஆட்டம் நிற்கும். பபூன் மைக்கில் அவர் பேர், ஊர், தகப்பனார் பேர் எல்லாம் சொல்லி வாழ்த்துவார். அடுத்தவர் இருநூறு கொண்டுவருவார். யூடியூப் நேரலையில் இப்போது காசு கட்டிப் பேர் வாசிக்க வைக்கிறார்களே, அந்த ஏற்பாடு நம்ம ஊர் நாடகக் கொட்டகையில் எப்போதிருந்தோ இருக்கிறது.

ஆகவே உங்கள் கொலை விளையாட்டை நடத்தும் வில்லனுக்கு முகமூடியும் பச்சை வெளிச்சமும் வேண்டாம். அவனுக்கு நம்ம ஊர் அறிவிப்பாளர் குரலைக் கொடுங்கள். வடமாடு மஞ்சுவிரட்டில், மாட்டுவண்டிப் பந்தயத்தில், தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டியில் மைக் பிடிப்பவர்கள் பேசும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வடமாட்டில் ஒரு மாடு, ஒன்பது வீரர், குறித்த நிமிடம். அந்த நிமிடங்களுக்குள் அவர் மூச்சு விடாமல் மாட்டின் குலப்பெருமை சொல்வார், வீரர்களை உசுப்புவார், பரிசு அறிவிப்பார், பைக்கை ஓரமாக நிறுத்தச் சொல்வார், தொலைந்துபோன சிறுவனின் சட்டை நிறம் சொல்வார். எல்லாம் ஒரே சுருதியில். "மோதிப் பார்க்க நினைக்கும் அன்பு அண்ணன்மார்களே, இன்னும் முப்பத்தேழு தோட்டா பாக்கி, அண்டாவும் சில்வர் குடமும் காத்துக்கொண்டிருக்கின்றன" என்று அந்தக் குரல் ஒரு மனிதனின் உயிரைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும். கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருப்பவனுக்குத் தானும் அந்தப் பந்தலில் உட்கார்ந்து கைதட்டியவன்தான் என்று தோன்றும்.

விளையாட்டின் விதிகளும் இந்த மண்ணிலேயே கிடக்கின்றன. உங்கள் வயசுப் பிள்ளைகள் பப்ஜி ஆடியவர்கள். 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தார்கள், அடுத்த வருடம் பிஜிஎம்ஐ என்று திரும்ப வந்தது. அந்த வகை ஆட்டத்தில் வரைபடம் பெரும்பாலும் ஒரு தீவு, வட்டம் சுருங்கச் சுருங்க வெளியே நிற்பவன் சாவான். பாம்பன் தீவை மேலிருந்து பாருங்கள், அதே வரைபடம். வெளியேற ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம். பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது, கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை ஆட்கள் நின்று நெம்புகோலைக் கையால் சுற்றித்தான் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மின்சாரத்தில் நேராக மேலே எழும்புகிறது. பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட்டதில்லை. இப்படி ஊரின் விதிகளையே விளையாட்டின் விதியாக்குங்கள்: பாலம் தூக்கினால் வட்டம் மூடியது என்று அர்த்தம். உங்களால் பாலத்தில் படம் எடுக்க முடியாது, ரயில்வே அனுமதியும் செலவும் மாணவர்களுக்குக் கட்டாது. தேவையும் இல்லை. சாலைப் பாலத்து ஓரத்தில் நின்று சுற்றுலாப் பயணிகள் எடுப்பது மாதிரி தூரத்திலிருந்து ஒரு ஷாட், அப்புறம் கதாநாயகனின் முகம். போதும்.

இனி நிஜமாகவே உயிர் குடித்த ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், அதைத் தெரியாமல் இந்தப் படத்தை எடுக்கக் கூடாது. இவற்றில் துப்பாக்கி கிடையாது, காசுதான் உண்டு. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து மனம் உடைந்தவர்களின் சாவுகள் தொடர்ந்ததால்தான் தமிழக அரசு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றுக்கான தடையை நீக்கியது, ஆனால் நேரக் கட்டுப்பாடு போன்றவற்றை விதிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது. 2025 தொடக்கத்தில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று விதி வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது.

நம்ம கரையில் இதற்கு ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். நிவாரணப் பணம் வந்து சேர்வதற்கு முன்பே வட்டிக்காரர் வந்துவிடுவார். கையில் வேலை இல்லை, போனில் நெட் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எஞ்சின் வாங்கச் சேர்த்து வைத்த காசு ஒரே தடைக்காலத்தில் போனது, அந்த அண்ணன் இன்றைக்கும் அடுத்தவர் படகில்தான் கூலிக்குப் போகிறார். உங்கள் கதாநாயகனை அந்த விளையாட்டுக்குள் இழுத்துப் போவது இந்த வேலையில்லாத 61 நாள்களாக இருக்கட்டும். மைல்ஸ் வம்பிழுக்கப் போய் மாட்டினான். உங்கள் ஆள் பணத்தை மீட்கப் போய் மாட்டுகிறான். பார்க்கிறவர்கள் யாரும் "இவனுக்கு இது தேவைதான்" என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தோற்றவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வதைச் சிரிப்புக்காகவோ திருப்பத்துக்காகவோ படத்தில் வைக்காதீர்கள். 2017இல் நீலத் திமிங்கல விளையாட்டு, கையில் திமிங்கலம் கீறச் சொல்லிக் கடைசியில் தற்கொலைக்குத் தள்ளும் ஆட்டம் என்று ஒரு பீதி பரவியபோது எத்தனை வீட்டில் பிள்ளைகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆள் கடைசிவரை உயிரோடு இருக்கத் துடிப்பவனாக இருக்க வேண்டும். அந்தத் துடிப்பு இருந்தால்தான் நாம் சிரிக்க முடியும்.

துப்பாக்கியைக் கையாள்வது பற்றி. பொம்மைதான் என்று அலட்சியம் வேண்டாம். ஊமைப்பட காலத்து நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் 1919இல் விளம்பரப் போட்டோவுக்காகப் போலிக் குண்டு என்று நினைத்து ஒன்றைப் பற்றவைத்தார், அது வெடித்து வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. 1923இல் உயரமான கட்டடத்துக் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் புகழ்பெற்ற காட்சியில் நடித்தபோது அவர் அந்தக் கைக்கு உறை போட்டிருந்தார். கையை வைத்துச் சிரிப்புக் காட்டும் வேலையில் கையையே கொடுத்தவர் அவர். 1993இல் பிரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது, குழலுக்குள் சிக்கியிருந்த ஒரு தோட்டா முனையை வெற்று வெடி தள்ளிவிட்டதால். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தது, படப்பிடிப்புத் துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டா இருந்ததால். எனவே தீபாவளிக் கேப், பட்டாசு மருந்து, ஏர்கன் எதுவும் வேண்டாம். வெடிக்காத பிளாஸ்டிக் துண்டு போதும். தகட்டில் போல்ட் தலைகளை மட்டும் ஒட்டுங்கள், உள்ளே கையுறை வைத்துத் தைத்து, ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் கழன்று வருகிற மாதிரி செய்யுங்கள். தண்ணீர் ஓரத்தில் நடிகர் விழுந்தால் கையை ஊன்றி எழ வேண்டும் அல்லவா?

வெடிக்கும் நெருப்பை எடிட்டிங்கில் சேர்க்கலாம். நொடிக்கு 24 பிரேமில் ஒன்று அல்லது இரண்டு பிரேம் மட்டும் வையுங்கள், மூன்றாவது வந்தால் பொம்மை என்று தெரிந்துவிடும். படமெடுக்கும்போதே நடிகர் முகத்துக்கு நேராக ஒரு சின்ன எல்இடியை அதே கணத்தில் மின்னவிட்டால் கண் நம்பிவிடும். சத்தம் என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். திறந்த கடற்கரையில் துப்பாக்கிச் சத்தத்துக்கு எதிரொலி இருக்காது, திரும்பி அடிக்கச் சுவர் இல்லை. பலகையைத் தட்டிய மாதிரி "டப்" என்று வந்து செத்துவிடும். இணையத்தில் கிடைக்கும் முழங்கும் சத்தத்தை மணலில் போட்டால் பொய் சொல்லும். அதே தோட்டா ஐஸ் பேக்டரிக்குள் வெடித்தால் தகரமும் சுவரும் சேர்ந்து நீளமாக அதிர வேண்டும். முக்கியமான ஒரு சிரிப்புக்கு முன்னால் எல்லாச் சத்தத்தையும் அரை நொடி நிறுத்துங்கள், அலை உட்பட. கைலி அவிழும் அந்தச் சரசரப்பு மட்டும் கேட்கட்டும்.

இடங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். தனுஷ்கோடித் தேவாலயம் வேண்டாம் என்றதற்குக் காரணம், கல்யாண ஆல்பம் முதல் பாட்டு வீடியோ வரை எல்லோரும் அதன் முன்னால் நின்று முடித்துவிட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் போன உயிர்களின் நினைவு அது, தோட்டா பறக்கும் இடமாக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஐஸ் பேக்டரி, ஏலக்கூடம், கருவாடு காயும் மணல், கரையில் ஏற்றி வைத்த விசைப்படகுகளுக்கு நடுவில் உள்ள சந்து. அந்தச் சந்துகள் ஒரு பெரிய படத்துக்கான செட். தடைக்காலத்தில் இலவசமாக நிற்கிறது, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போகாதீர்கள், 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ட்ரோன் எண்ணம் இருந்தால் முதலில் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, சிவப்புப் பகுதியில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றோடு கடற்கரையில் ஓடினால் யாராவது போலீசுக்குச் சொல்வார்கள், இது எல்லைக் கரை. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் தேதி, இடம், ஆள் பேர் போட்டு எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஊர்த் தலைவரிடமும் சொல்லுங்கள், அவர் சொன்னால் கூட்டம் தானாக ஒதுங்கும், கூட்டக் காட்சிக்கு ஆளும் கிடைக்கும்.

தேதியைத் தடைக்காலத் தொடக்கத்தில் வையுங்கள், ஏப்ரல் கடைசிக்குள் முடிப்பது மாதிரி. மே பிறந்து கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் தென்கடல் பக்கம் மைக்கில் காற்றைத் தவிர ஒன்றும் விழாது. மீறிப் போனால் வடகடல் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். மைக்குக்கு ரோம உறை கட்டாயம், காசில்லை என்றால் பழைய கம்பளித் துணியைச் சுற்றினாலும் பாதி நிற்கும்.

ஆனால் அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் படத்துக்கு விசைப்படகுச் சத்தம் வேண்டும், ஒன்றிரண்டு அல்ல, ஜெட்டியை விட்டு அடுத்தடுத்துக் கிளம்பும் அந்தக் கூட்டு இரைச்சல். அது இணையத்தில் கிடைக்காது, எங்கள் அறையிலும் செய்ய முடியாது. ஏப்ரல் 14க்குள் ஒரு நாள், படகுகள் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் காலையில், விடிவதற்கு முன்பே ஜெட்டிக்குப் போய் போனை மூட்டை மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். ஏப்ரல் 15இலிருந்து அந்தச் சத்தம் ஜூன் வரை கிடைக்காது.